துரை பெஞ்சு

எங்கள் சபையின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். தோட்டத்து ஆபீசின் ஆண்டு விழா மலருக்காம். இரண்டு பக்கம் போதும், படங்களுக்கு இடம் வேண்டும் என்றார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் காலமெல்லாம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவள் என்பதால் எனக்கு எழுதவும் வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நானும் மாங்கு மாங்கென்று எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, முதல் பத்தியை மட்டும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் ரிப்பன் வெட்டும் படங்களைப் போட்டார்கள். அவர்கள் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரலாறு ஒன்றும் கஷ்டமானதில்லை. வெள்ளைக்காரர்கள் மலைக்கு வந்து காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். பிறகு பங்களா கட்டினார்கள், பேக்டரி கட்டினார்கள், கிளப் கட்டினார்கள். இதெல்லாம் முடிந்தபின் கடவுள் ஞாபகம் வந்து ஒரு கோயிலும் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால் கட்டச் சொன்னார்கள் என்று அர்த்தம். மலரில் 'துரைமார்கள் தங்கள் கரங்களால் எழுப்பிய ஆலயம்' என்று போட்டிருக்கிறது. அந்தக் கரங்களில் அன்று சுருட்டு இருந்திருக்கும். கல் சுமந்த கரங்கள் கூலிகளின் லைன் வீடுகளிலிருந்து வந்தவை. அவற்றில் முக்கால்வாசி மாரியம்மனைக் கும்பிட்ட கரங்கள். அவர்கள் இன்றைக்கும் எங்கள் ஆலயத்தைத் 'துரை கோயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலிக்கன் சபை என்று நாங்கள் எத்தனை தடவை விளக்கிச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஆமா, துரை கோயிலு" என்பார்கள்.

எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலாய் நாட்டுக்குக் கப்பலேறும்போதே வேதக்காரர்கள். நூற்றுக்கணக்கான இந்துக் குடும்பங்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி அளவு. துரையும் நாங்களும் ஒரே சாமியைக் கும்பிடுகிறோம், அதனால் எங்களுக்குத் துரையிடம் செல்வாக்கு அதிகம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நாங்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உண்மையில் கிடைத்த சலுகை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை யார் கோயிலுக்கு வரவில்லை என்பது மற்றவர்கள் விஷயத்தில் துரைக்குத் தெரியாது, எங்கள் விஷயத்தில் தெரியும்.

அந்தச் சின்னக் கோயிலுக்குள் பெஞ்சுகள் போட்டிருந்த வரிசை எங்கள் தோட்டத்தின் வரிசைதான். பீடத்துக்கு எதிரே முதல் பெஞ்சு பெரிய துரைக்கும் துரைசாணிக்கும். அதற்குக் கைப்பிடி உண்டு, சாய்மானத்தில் பூ வேலைப்பாடு உண்டு, மெத்தை உண்டு. அடுத்தது சின்ன துரைகளுக்கு. மூன்றாவது கிராணி குடும்பத்துக்கு. ஆபீசில் கணக்கெழுதுபவர் என்பதால் அவருக்குக் கடவுளும் சற்றுப் பக்கத்தில் இருந்தார். நான்காவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும், ஐந்தாவது கங்காணிக்கு, ஆறாவது கொழுந்து எடுக்கிறவர்களுக்கு. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எல்லா மனிதரும் ஒன்று என்று பிரசங்கத்தில் சொல்லும்போது ஆறு பெஞ்சும் சேர்ந்து ஆமென் சொல்லும்.

பிறகு நாடு சுதந்திரம் அடைந்தது. துரைமார் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த மேனேஜர்கள் மசூதிக்குப் போனார்கள், அல்லது சீனக் கோயிலுக்குப் போனார்கள், அல்லது எங்கேயும் போகாமல் ஞாயிற்றுக்கிழமை கோல்ப் ஆடினார்கள். மேனேஜரைத் துரை என்று கூப்பிடும் வழக்கம் மட்டும் போகவில்லை. முதல் பெஞ்சும் போகவில்லை.

அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, நான் பிறந்து வளர்ந்து வேலைக்குப் போய் ஓய்வு பெறும் வரைக்கும் அது காலியாகவே இருந்தது. ஆனால் அதற்கு நடந்த பணிவிடையில் குறை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துடைத்துப் பாலிஷ் போடுவது எங்கள் வீட்டு முறை. அம்மாவின் வேலை. வாரம் பூராவும் முதுகில் கூடையோடு மலைச்சரிவில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், சனிக்கிழமை குனிந்து அந்தக் கைப்பிடியைத் தன் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பாள். மெத்தையில் பஞ்சு அமுங்கிவிட்டது என்று ஒருமுறை பிரித்து இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தாள். யாரும் உட்காராத மெத்தையில் பஞ்சு எப்படி அமுங்கும் என்று கேட்டதற்கு, அது அப்படித்தான் அமுங்கும் என்றாள்.

அத்தனை வருடங்களில் ஒரே ஒரு தடவை அதில் ஆள் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். முழங்காலுக்கு மேல் கால்சட்டையும் சேறு அப்பிய பூட்ஸுமாக மலையேற வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், மழைக்கு ஒதுங்கி நடு ஆராதனையில் உள்ளே வந்து நேராக அதில் போய் உட்கார்ந்துவிட்டான். சபைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பாட்டு இரண்டு கட்டை ஏறிவிட்டது. ஆராதனை முடிந்ததும் அவனுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்து, குடைபிடித்து ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அவன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று இரண்டு தடவை சொன்னான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் எங்கள் சபையும் கரைந்துகொண்டிருந்தது. படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். படிக்காத பிள்ளைகள் பிரிஞ்சாங் ஓட்டல்களுக்கும் கம்போங் ராஜா காய்கறித் தோட்டங்களுக்கும் போனார்கள். கொழுந்து வெட்டப் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கடைசியில் ஆறு வீடு மிஞ்சினோம். ஆறு வீடு என்றாலும் நல்ல நாளிலேயே பத்துப் பேருக்கு மேல் கோயிலுக்கு வருவதில்லை. கீழே மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால் லோரி லோரியாகச் சனம் வந்து இறங்கும். எங்கள் கோயில் வாசலில் வந்து இறங்குகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஸ்ட்ராபெரி வாங்கப் போய்விடுவார்கள்.

இந்த நிலையில்தான் அம்மாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் டிவி சத்தம் ஏறியது. பிறகு நான் ஒன்று கேட்டால் அவள் ஒன்று சொன்னாள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காதுக்குள் வைக்கிற மெஷின் ஒன்று வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு சீரியல் பார்ப்பாள். சீரியலில் மாமியார்கள் கத்துவது துல்லியமாகக் கேட்டது. கோயிலில் மட்டும் பயன் இல்லை. கல் சுவரும் தகரக் கூரையும் சேர்ந்து எல்லாச் சத்தத்தையும் கலக்கி, பேக்டரிக்குள் நிற்பதுபோல் இரைச்சலாக ஆக்கிவிடும். ஆறாவது பெஞ்சில் உட்கார்ந்தால் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்று அவளே சொன்னாள்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாத்தியாரம்மாவின் தாயாருக்கு எழுத்து தெரியாது என்பதை இந்தத் தோட்டம் ஒரு வேடிக்கையாகச் சொல்லித் திரிந்ததுண்டு. நான் சொல்லித் தர உட்கார்ந்த நாட்களில் அவளுக்குக் கைகள் வலித்தன, கண்கள் சொக்கின. அவளுடைய வேதம் முழுக்கக் காது வழியாக உள்ளே போனது. ஜெபங்களும் பாட்டுகளும் யார் யாரைப் பெற்றார் என்ற வம்ச வரிசையும் கூட. காது போனால் அவளுக்குப் புத்தகமே போனமாதிரி.

அந்த வருடம் போதகர் ஒரு செய்தி சொன்னார். ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு மலையேறி வந்து தமிழில் ஆராதனை நடத்துகிறவர் அவர். வளைந்து வளைந்து வரும் ரோட்டில் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பீடத்தின் முன் சிரித்த முகமாக நிற்கிற நல்ல மனிதர். கிறிஸ்துமஸோடு தான் ஓய்வு பெறுவதாகவும், தனக்குப் பின் மலைக்கு அனுப்பத் தமிழ்ப் போதகர் யாரும் இல்லை என்றும், புது வருடத்திலிருந்து நாங்கள் டவுன் சபையோடு சேர்ந்து மலாய் ஆராதனைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அம்மா பக்கத்தில் திரும்பி, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

வீட்டுக்குப் போய் அவளுக்குப் புரியும்படி சொன்னேன். கேட்டுவிட்டு, சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கிறதல்லவா என்றாள். நான் அப்படி லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் சில மாதங்கள்தான், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஞாயிறு. அதற்குள் அவள் காதுகள் அந்த வார்த்தைகளைத் தமிழில் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்கு அவள் செய்ய வேண்டியதெல்லாம் எழுந்து முன்னால் போய் உட்காருவதுதான். முதல் பெஞ்சிலிருந்து போதகரின் வாய் நான்கு எட்டு தூரம். அவர் மூச்சு விடுவதே கேட்கும்.

"அங்க போயி உக்காந்தா சனங்க என்னா சொல்லும்?" என்றாள் அம்மா.

"எந்தச் சனம்மா? மொத்தமே பத்து பேருதான இருக்கோம்."

"அந்தப் பத்து பேருந்தான்."

கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். நான் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காட்டினால் பின்னாலேயே வருவாள் என்று கணக்குப் போட்டு, ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தும் பார்த்தேன். முதுகில் ஒன்பது பேரின் கண்கள் குத்தின. பாதி ஆராதனைக்கு மேல் தாங்க முடியவில்லை, இருமல் வந்தவள்போல் வெளியே போய், திரும்பி வரும்போது என் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். படித்த பெண் என்று என்னைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் அன்றைக்குக் கொஞ்சம் அடி வாங்கியது.

போதகரிடம் சொன்னேன். அவர் அதையே பிரசங்கமாக்கிவிட்டார். விருந்தில் தாழ்ந்த இடத்தில் இருப்பவனை வீட்டுக்காரன் மேலே வரச் சொல்லும் கதையை எடுத்து, இதோ வீட்டுக்காரர் அழைக்கிறார், முன்னால் வாருங்கள் என்று இரண்டு கைகளையும் நீட்டினார். எல்லோரும் உருகிப்போய்த் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிராணி ஐயா, அதாவது பழைய கிராணியின் மகன், தானும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வெளியே வந்து போதகரின் கையைக் குலுக்கி, தாழ்மையைப் பற்றி இவ்வளவு அருமையான பிரசங்கம் கேட்டதில்லை என்றார்.

அடுத்து மைக் வாங்கினோம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அறுப்பின் பண்டிகைக்கு மலைக்கு மேலேயுள்ள ஓராங் அஸ்லி கம்போங்கிலிருந்து, அதாவது பூர்வகுடிகளின் கிராமத்திலிருந்து, ஒரு குடும்பம் வந்தது. டவுன் சபையில் அண்மையில் சேர்ந்தவர்கள். அப்பன், ஆத்தா, நாலைந்து பிள்ளைகள். வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். முன்னால் மெத்தை போட்ட பெஞ்சு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் கைப்பிடியில் ஏறிக் குதிரை ஓட்டின. சின்னது பிஸ்கட்டைக் கடித்து மெத்தை மேலெல்லாம் உதிர்த்தது. எங்கள் பத்துப் பேரின் முதுகும் விறைத்துப்போனது. வெள்ளைக்காரப் பையனுக்குக் கொடுத்த தேத்தண்ணியை இவர்களுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் திங்கட்கிழமை அம்மா தனியாக ஏறிப் போய்ப் பெஞ்சைத் துடைத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை வேலை திங்கட்கிழமை எதற்கு என்று கேட்டேன். பிஸ்கட் தூளுக்கு எறும்பு வரும் என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளோடு பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவளாகவே, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு ஜம்மென்று உட்கார்ந்திருந்தன என்று சொன்னாள். அதில் குறையும் இருந்தது, பொறாமையும் இருந்தது.

நவம்பரில் மழை எங்களுக்கு உதவிக்கு வந்தது, அல்லது வந்ததாக நான் நினைத்தேன். ஒரு காற்றில் பீடத்துக்கு மேலே கூரைத் தகரம் பிய்ந்துபோய், பீடம் இருந்த இடத்தில் தண்ணீர் கொட்டியது. கூரை போடுகிறவர் பிரிஞ்சாங்கில் ஓட்டல் வேலை இருக்கிறது, ஜனவரிக்கு வருகிறேன் என்றார். போதகர் போனில் யோசித்துவிட்டு, பீடத்து மேசையைத் தூக்கி எதிர்க்கோடியில், பெரிய வாசலை அடைத்துப் போட்டுவிடுங்கள், அங்கே நின்று நடத்துகிறேன் என்றார்.

போனை வைத்ததும் எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. மேசை வாசல் பக்கம் வந்தால் பெஞ்சுகளை இருந்த இடத்திலேயே முகம் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்டால் ஆறாவது பெஞ்சு முதல் பெஞ்சாகிவிடும். அம்மா ஒரு எட்டுக்கூட நகர வேண்டாம், தன்னுடைய சொந்த இடத்திலேயே உட்காரலாம், போதகர் அவள் மூக்குக்கு முன்னால் நிற்பார். எத்தனையோ பேர் எத்தனையோ காலம் மாற்ற முடியாததைக் கூரைத் தகரம் ஒன்று மாற்றப்போகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கோசும் தக்காளியும் போடுகிறவர், மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருப்பவர், ஒவ்வொரு மாதமும் தன் லேண்ட் ரோவரில் எங்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போய் இறக்குகிறவரும் அவர்தான். அவரிடம் சொன்னதும் சனிக்கிழமை தன் தோட்டத்து ஆட்கள் நால்வரைக் கூட்டி வந்தார். அந்தக் காலத்து மரம், தூக்க முடியவில்லை. முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கடைசியில் சொன்னார்: "எங்க கோயில்ல ஒரு செங்கல்ல நவுத்தணும்னா ஊருலேருந்து சாஸ்திரம் தெரிஞ்ச ஆளு வரணும் டீச்சர். ஒங்களுக்கு நாலு பங்களாதேஷ் ஆளு போதும்லா."

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலிருந்தே மழை. பெரிய வாசலை மேசை அடைத்திருந்ததால் எல்லோரும் பக்கவாட்டுக் கதவு வழியாக, பழைய பீடத்தின் ஓரமாக உள்ளே வந்தார்கள். வந்து நின்றார்கள். பெஞ்சுகளைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நகர்ந்தவர் கிராணி ஐயா. அவருக்குக் குழப்பமே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பழைய மூன்றாவது பெஞ்சு அவருடையது. அதில் போய் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

மற்றவர்கள் கொஞ்ச நேரம் தயங்கினார்கள். அவர்கள் இடம் இப்போது கிராணி ஐயாவுக்கு முன்னால் இருந்தது. கங்காணி வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால், சின்ன துரைகளின் பெஞ்சுக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர். அந்தப் பெஞ்சு நிறைந்துவிட்டது. நான் அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள், எல்லோருக்கும் பின்னால் காலியாக இருந்தது எது என்று பார்த்தாள், நேராக நடந்துபோய்த் துரை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மெத்தையில் சாய்ந்து, பைபிள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் தலைக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் சொட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க ஒன்றும் இல்லை என்பதுபோல. அவள் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

போதகர் எங்கோ தூரத்தில், மூன்று காலி பெஞ்சுகளுக்கு அப்பால் நின்றுகொண்டு கத்தினார். தகரத்தில் மழை அதைவிட அதிகமாகக் கத்தியது. அம்மாவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தாள், மண்டியிட்டபோது மண்டியிட்டாள், நாங்கள் சொல்லி முடித்த பதிலைத் தனியாக, சத்தமாக, ஒரு வரி தள்ளிச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்து ஓவென்று அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாளி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது லேண்ட் ரோவரில் அடக்க முடியவில்லை. இத்தனை நாள் உயிரைக் கொடுத்துக் கெஞ்சினேனே, அப்போது போகமாட்டேன் என்றாய், இப்போது மட்டும் துரை பெஞ்சில் எப்படி உட்கார்ந்தாய் என்று அவள் காதில் வாயை வைத்துக் கத்தினேன்.

"துரை பெஞ்சா? நான் ஏன்டி அதுல உக்கார்றேன்?" என்றாள். "கடைசி பெஞ்சுல உக்காந்தேன்."

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

கிறிஸ்துமஸுக்கும் அதே வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அதுதான் கடைசித் தமிழ் ஆராதனை. முடிந்ததும் போதகர் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். அம்மாவின் தலையில் கை வைத்து நீளமாக ஒரு ஜெபம் செய்தார். அவர் உதடு அசைந்து நிற்கும் வரைக்கும் பொறுமையாக நின்றுவிட்டு, சரியாக அந்த இடத்தில் ஆமென் சொன்னாள்.

ஜனவரியில் கூரைக்காரர் வரவில்லை. தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோயிலைப் பூட்டி, வரலாற்றுச் சின்னம் என்று பலகை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். துரை பெஞ்சை மட்டும் எடுத்துப்போய், சுற்றுலாக்காரர்கள் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் கண்ணாடி ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ள வார இறுதியில் வரிசை நிற்கிறது. அது யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நான் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

கோயிலைப் பூட்டியதற்கு அடுத்த ஞாயிறு ஆறு வீட்டாரும் டவுன் சபைக்குப் போனோம். கடைவீட்டு மாடியில் ஒரு ஹால். பளபளவென்று டைல்ஸ், மேலே மின்விசிறி, சுவரில் ஒரு மரச் சிலுவை. பெஞ்சுகளே இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த நாற்காலிகளையும் வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட்டிருந்தார்கள். கிடார் மாட்டியிருந்த இளம் போதகர் ஓடிவந்து வரவேற்று, இங்கே முன்வரிசை பின்வரிசை கிடையாது, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும், உங்களுக்குப் பிடித்த இடத்தில் உட்காருங்கள் என்று மலாயில் சொன்னார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

எங்கள் ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவது நாற்காலியை எங்கிருந்து எண்ணுவது என்று கிராணி ஐயாவுக்குப் புரியவில்லை. அம்மா வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஓராங் அஸ்லிப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். கேட்கவும் முடியாமல், எங்கே நிற்பது என்றும் தெரியாமல், சந்தையில் தொலைந்துபோனவளைப்போல் நின்றாள். அத்தனை மாதங்களும் அவளை முன்னால் தள்ளியவள் நான். இப்போது தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வட்டத்திலிருந்து இரண்டு நாற்காலிகளை உருவினேன். எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தரையில் இழுத்துக்கொண்டு போய், பின்சுவரை ஒட்டிப் போட்டேன். அம்மா வந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகம் தெளிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கங்காணி வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியோடு வந்தார், பிறகு மற்றவர்களும். கிராணி ஐயா எங்களுக்கு முன்னால் கணக்காகக் கொஞ்சம் இடம் விட்டுப் போட்டுக்கொண்டார்.

போதகர் மலாயில் ஜெபிக்கத் தொடங்கினார். அம்மா என் பக்கம் சாய்ந்தாள். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"துரை பெஞ்சு எங்கடி?"

"இங்க அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப யாரப் பாத்துக்கிட்டு உக்கார்றது?"

நான் சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பார்ப்பதுபோல.